எண் ஏறியது, கோடு ஏறவில்லை

புள்ளிவிவரம் மாறினால் கிராஃபும் தானாக மாற வேண்டும். கேட்க எளிது. கேரளத்தின் கொரோனா மாலைகள் அதன் அருமையையும் அபாயத்தையும் சேர்த்தே காட்டின.

2020-ல் பல மாதங்கள் கேரளத்தில் மாலை 6 மணி என்றால் ஒரே அர்த்தம்தான். திருவனந்தபுரத்தில் முதல்வர் பினராயி விஜயன் நிருபர்கள் முன் அமர்வார். அன்று புதிதாக நோய் கண்டவர்கள் எத்தனை பேர், குணமடைந்தவர்கள் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று வரிசையாகப் படிப்பார். வீட்டுக்கு வீடு டி.வி. முன் கூட்டம். அதே எண்களைத் தாங்கிய அறிக்கையை சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் தலைநகரிலிருந்து வெளியிடும். இந்தியாவின் முதல் நோயாளி அந்த ஆண்டு ஜனவரி 30-ம் தேதி திருச்சூரில் கண்டறியப்பட்ட நாளிலிருந்து இந்தக் கணக்கு ஓடத் தொடங்கியிருந்தது.

ஆனால் தனி எண் ஒன்றும் சொல்லாது. இன்று இத்தனை பேர் என்றால் அது அதிகமா, குறைவா? நேற்று எவ்வளவு? போன வாரம் எவ்வளவு? ஏறுகிறதா, இறங்குகிறதா? இதைத்தான் மக்கள் அறிய விரும்பினார்கள். அதற்கு எண்கள் போதாது, கோடு வேண்டும். அந்தக் கோடும் தினமும் மாலை ஒரு புள்ளி வளர வேண்டும்.

ஜூலையில் திருவனந்தபுரத்துக்கே அந்தக் கோடு செங்குத்தாயிற்று. 6-ம் தேதி முதல் மாநகராட்சிப் பகுதியில் மும்மடங்கு ஊரடங்கு. 17-ம் தேதி பூந்துறை, புல்லுவிளை ஆகிய கடலோரப் பகுதிகளில் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாக முதல்வர் வெளிப்படையாக அறிவித்தார். இத்தகைய நாட்களில் ஒரு கிராஃப் இரண்டு நாள் பின்தங்கி நின்றால் என்ன ஆகும்? பார்ப்பவருக்கு அது பின்தங்கி நிற்பதாகத் தெரியாது. நோய் நின்றுவிட்டதாகத் தெரியும்.

அறிக்கையும் அட்டவணையும்

ஆரம்பத்தில் இதற்குக் குறுக்கே நின்றது அரசு அறிக்கையின் வடிவம். படிப்பதற்கு வசதியாக வாக்கியம் வாக்கியமாக எழுதப்பட்ட அறிக்கை அது. மனிதர்கள் படிக்கலாம், கம்ப்யூட்டரால் கூட்டவோ கோடு போடவோ முடியாது. இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் தன்னார்வலர்கள். 'கலெக்டிவ் ஃபார் ஓப்பன் டேட்டா டிஸ்ட்ரிப்யூஷன் - கேரளம்' என்ற குழுவினர் அரசு அறிக்கைகளையும் செய்திகளையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். நோயாளி யார் என்று அடையாளம் தெரியாதபடி விவரங்களை நீக்கினார்கள். மிச்சத்தை ஒழுங்கான பட்டியலாக்கி, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கிராஃப்களோடு இணையதளத்தில் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பட்டியலையும் திறந்து வைத்தார்கள். இந்த முயற்சியைப் பற்றிய கட்டுரை 2020-லேயே அமெரிக்க மருத்துவத் தகவலியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

தேசிய அளவில் இதே வேலையை 'கோவிட்19இந்தியா' என்ற தன்னார்வக் குழு செய்தது. மாநிலங்களின் அறிவிப்புகளைத் தேடிப் பிடித்து, பலர் ஒரே சமயத்தில் எழுதக்கூடிய கூகுள் ஷீட்ஸ் பட்டியலில் ஏற்றினார்கள். பட்டியலில் எண் ஏறியதும் இணையதளத்தின் கோடுகளும் ஏறின. 2021 அக்டோபர் 31-ம் தேதி அந்தப் பணி நிறைவு பெறும்வரை நாடெங்கும் பத்திரிகைகளும் ஆய்வாளர்களும் அதையே நம்பியிருந்தார்கள்.

இரு முயற்சிகளிலும் ஒரே தத்துவம்தான். எண்ணை ஒருமுறை, ஓர் இடத்தில் மட்டும் எழுது; கோடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளட்டும். பெரிய குழுக்களுக்கு மட்டுமே உரிய வித்தை அல்ல இது. பால் கூட்டுறவுச் சங்கத்தின் தினசரி வரவு, பள்ளியின் மாதத் தேர்வு மதிப்பெண்கள், வீட்டில் தாத்தாவின் சர்க்கரை அளவு என்று எந்தப் பட்டியலை வைத்திருப்பவருக்கும் இது கைவரும். ஆனால் கோடு எங்கே தடுக்கி விழும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாறுவது வேறு, வளர்வது வேறு

ஸ்ப்ரெட்ஷீட் பிறந்ததே தானாக மாறுவதற்காகத்தான். ஹார்வர்டில் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், ஓர் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த அத்தனை எண்களையும் அழித்து எழுத வேண்டியிருக்கும் கரும்பலகைக் கணக்குக்கு மாற்று தேடினார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய 'விசிகால்க்' 1979-ல் வந்தது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்ற கட்டங்கள் கணப்பொழுதில் மாறின. 1983-ல் வந்த 'லோட்டஸ் 1-2-3' அதே திரையில் கிராஃபையும் சேர்த்தது. ஆகவே எண் திருத்தப்பட்டால் கிராஃப் திருந்துவது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்த விஷயம்.

தீராமல் இருந்தது இன்னொன்று. ஏற்கெனவே இருக்கும் எண் மாறுவது வேறு. பட்டியலின் அடியில் புதிய எண் சேர்வது வேறு. கிராஃப் எண்களைப் பார்ப்பதில்லை, விலாசத்தைப் பார்க்கிறது. ஜூன் மாதக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் தலைப்பு. 'ஏ' பத்தியில் தேதி, 'பி' பத்தியில் நோயாளிகள். 30 நாட்களுக்கு 30 வரிசைகள்; இரண்டிலிருந்து 31 வரை. கிராஃப் போடும்போது கம்ப்யூட்டர் குறித்துக்கொள்வது இதைத்தான்: 'ஏ2 முதல் பி31 வரை'. ஜூலை 1-ம் தேதிக் கணக்கு 32-வது வரிசையில் உட்காருகிறது. கிராஃபின் விலாசப்படி அந்த வரிசை பக்கத்துத் தெரு. அங்கே என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது.

இதில் மோசமான அம்சம், கிராஃப் குறை சொல்வதில்லை. ஃபார்முலா தப்பானால் கட்டத்தில் பிழைக்குறி வரும். ஃபைல் கெட்டால் திறக்காது. பின்தங்கிய கிராஃப் மட்டும் பளிச்சென்று, நேர்த்தியாக, பழைய செய்தியையே சொல்லிக்கொண்டு நிற்கும். ஊரடங்கைத் தளர்த்தலாமா என்று முடிவு செய்யும் கூட்டத்தில் அந்தத் தாள் மேஜைக்கு வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

ஐந்து வரிசைகளின் விலை

அடியிலிருந்த சில வரிசைகள் விடுபட்டால் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். உலகப் பொருளாதார விவாதத்தையே அது தொட்டிருக்கிறது. கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு புகழ்பெற்ற பொருளாதார வல்லுநர்கள் 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நாட்டின் கடன், அதன் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி கடுமையாகச் சரியும் என்றது அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அரசுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் அதை ஆதாரமாகக் காட்டினார்கள்.

2013-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் ஹெர்ண்டன், அந்த எக்செல் ஃபைலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி காணும் ஃபார்முலா 30-வது வரிசையிலிருந்து 44-வது வரிசை வரை மட்டுமே ஓடியது. பட்டியலோ 49 வரை நீண்டிருந்தது. 20 நாடுகளில் ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் கணக்குக்கு வெளியே நின்றன. அதிகக் கடன் நாடுகளின் வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றிருந்தது, ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் போட்ட மறுகணக்கில் 2.2 சதவீதமாயிற்று. மாற்றம் முழுவதற்கும் விடுபட்ட வரிசைகளே காரணமல்ல. சில ஆண்டுகளின் விவரங்களைச் சேர்க்காததும் சராசரி எடுத்த முறையும் பெரும்பங்கு வகித்தன. ஆனால் வரிசைப் பிழையை ஆசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகள் உலகம் பார்த்த அட்டவணையில் அது யார் கண்ணிலும் படவில்லை.

கொரோனா காலத்தில் பிரிட்டனுக்கும் ஓர் அடி விழுந்தது. ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்த முடிவுகளை அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்செல் ஃபைல் வகையில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகையில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் உச்சவரம்பு. ஒரு நோயாளிக்குப் பல வரிசைகள் என்பதால் தாள் சீக்கிரமே நிறைந்தது. அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் வெளியே விழுந்தன. 2020 செப்டம்பர் 25-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் 15,841 நோயாளிகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களுக்கு முடிவு தெரிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை பல நாட்கள் தாமதமாயிற்று. அந்த நாட்களில் கோடு என்னவோ அமைதியாகத்தான் இருந்தது.

கோட்டை வளர்ப்பது எப்படி?

வழிகள் பல. எளியதிலிருந்து தொடங்கலாம்.

எந்த ஸ்ப்ரெட்ஷீட்டிலும் செல்லுபடியாகும் பழைய தந்திரம் ஒன்று உண்டு. கிராஃபின் எல்லைக்குள் கடைசியாக ஒரு காலி வரிசையையும் சேர்த்துவிடுங்கள். அடையாளத்துக்கு அதற்கு மட்டும் வண்ணம் அடித்து வைக்கலாம். புதிய கணக்கை அதற்குக் கீழே எழுதக் கூடாது. அதற்கு மேலே ஒரு வரிசையை நுழைத்து அதில் எழுத வேண்டும். எல்லைக்கு நடுவே வரிசை நுழைந்தால் எல்லை தானாக விரியும் என்பது ஸ்ப்ரெட்ஷீட்களின் பொது விதி. கூட்டல் ஃபார்முலாவுக்கும் இதே காவல் பொருந்தும்.

எக்செல்லில் இதைவிட நல்ல வழி 'டேபிள்'. பட்டியலுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்று கண்ட்ரோல் விசையுடன் 'டி' விசையை அழுத்தினால் பட்டியல் முழுவதும் டேபிளாகிவிடும். பிறகு அதிலிருந்து கிராஃப் போட்டுக்கொள்ளலாம். கடைசி வரிசைக்கு அடுத்து எதை எழுதினாலும் டேபிள் அதை அணைத்துக்கொள்ளும். கிராஃபும் கூடவே நீளும். இந்த வசதி இன்றைய வடிவில் 2007-ம் ஆண்டு எக்செல்லில் வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: நடுவில் ஒரு வரிசையைக் காலியாக விட்டு அடுத்ததில் எழுதினால் டேபிள் அதைத் தன் குடும்பமாக ஏற்காது. கூட்டுத்தொகை வரிசையைக் காட்டச் சொல்லியிருந்தால், கடைசிக் கட்டத்தில் நின்று 'டேப்' விசையைத் தட்டிப் புதிய வரிசை திறக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் பத்தி முழுவதையும் கிராஃபுக்குக் கொடுத்துவிடலாம். காலி வரிசைகளை விட்டுவிட்டு, நிரம்பியவரை அது கோடு போடும். பல ஊர்களிலிருந்து பலர் எண்களை ஏற்றும் வேலைக்கு இதுவே தோது.

மூன்றாவது வழி கொஞ்சம் நுட்பமானது. டேபிள் வருவதற்கு முன் எக்செல் பயின்றவர்களின் பிரம்மாஸ்திரம் அது. கிராஃபுக்கு நிலையான விலாசம் கொடுக்காமல் ஒரு பெயரைக் கொடுப்பது. அந்தப் பெயருக்குப் பின்னால் இரண்டு ஃபார்முலாக்கள் வேலை செய்யும். 'கவுண்ட்ஏ' என்பது பத்தியில் எத்தனை கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன என்று எண்ணும். தலைப்புக்காக ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். 'ஆஃப்செட்' என்பது முதல் எண்ணிலிருந்து தொடங்கி, அத்தனை கட்டங்கள் ஆழத்துக்கு எல்லை வகுக்கும். தேதிக்கு ஒரு பெயர், எண்ணுக்கு ஒரு பெயர் என்று 'நேம் மேனேஜர்' பகுதியில் பதிந்து, கிராஃபின் விலாசம் இருக்கும் இடத்தில் ஃபைலின் பெயர், ஆச்சரியக்குறி, அதன்பின் இந்தப் பெயர் என்று எழுதினால் முடிந்தது. எண் சேரச் சேர எல்லை நீளும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், இந்த வழியில் ஜன்னலை நகர்த்தவும் முடியும். எண்ணிக்கையில் 30-ஐக் கழித்து அங்கிருந்து தொடங்கச் சொன்னால் கிராஃப் எப்போதும் கடைசி 30 நாட்களை மட்டும் காட்டும். நாளை ஒரு புள்ளி முன்னால் சேரும்போது பின்னால் ஒன்று உதிரும். (30 நாள் கணக்கு சேர்வதற்கு முன் இதைப் போட்டால் பிழைதான் வரும்.) இதன் பலவீனம் காலிக் கட்டம். நடுவில் ஒரு நாள் எழுத விட்டுப்போனால் 'கவுண்ட்ஏ' ஒன்று குறைவாக எண்ணும். கடைசி நாள் கோட்டிலிருந்து காணாமல் போகும். அறிக்கை வராத நாளில்கூடக் கட்டத்தைச் சும்மா விடாமல் ஒரு குறி இட வேண்டும்.

வேண்டவே வேண்டாத வழியும் ஒன்று உண்டு. வருடம் முழுவதற்கும் சேர்த்து 365 வரிசைகளை இப்போதே எல்லைக்குள் வைத்துவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் காலிக் கட்டங்களாக இருந்தால் கிராஃபின் வலப்பக்கம் பொட்டலாகக் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டங்களில் 'எண் இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் வெறுமையாக விடு' என்று ஃபார்முலா எழுதியிருந்தால் விபரீதம். கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் கட்டத்தை கிராஃப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை ஏறிய கோடு இன்று தொபுக்கென்று தரைக்கு விழும். ஒரே இரவில் நோய் ஒழிந்தது போலத் தோன்றும். அத்தகைய இடத்தில் வெறுமைக்குப் பதில் 'என்ஏ' ஃபார்முலாவை வைத்தால் கிராஃப் அந்தப் புள்ளியைப் போடாது.

வழியில் உள்ள பள்ளங்கள்

எல்லை நீண்டால் மட்டும் வேலை முடிவதில்லை. செங்குத்து அளவுகோலின் உச்சத்தை 100 என்று கையால் நிர்ணயித்திருந்தால் 101 வந்த அன்று கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்; எவ்வளவு உயரம் போயிற்று என்று தெரியாது. அளவுகோலைத் தானியங்கியாக விட்டால் வேறொரு மாயம். உச்சம் உயர உயரப் பழைய மலைகள் மடுவாகும். ஜூலை 2020-ல் திருவனந்தபுரத்தைக் கலங்கடித்த ஏற்றம், 2021-ன் இரண்டாம் அலைக்குப் பிறகு வரைந்த கோட்டில் ஒரு சிறு மேடுதான். அன்றைய பயம் பொய்யாகிவிடவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. இரண்டையும் ஒப்பிடுபவர் பக்கவாட்டு எண்களைப் பார்த்தே பேச வேண்டும்.

தலைப்பையும் மறக்கக் கூடாது. கோடு ஜூலைக்கு வந்துவிட்டது, மேலே 'ஜூன் 30 வரை' என்றே நின்றால் எதை நம்புவது? எக்செல்லில் தலைப்பை ஒரு கட்டத்தோடு இணைத்துவிடலாம். அந்தக் கட்டத்தில் கடைசித் தேதியைக் கண்டுபிடிக்கும் ஃபார்முலா இருந்தால் தலைப்பும் நாளோடு நகரும்.

'பிவட் டேபிள்' கொண்டு சுருக்கப் பட்டியல் போடுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. மூலப் பட்டியல் மாறினாலும் வழக்கமாக அது 'ரிஃப்ரெஷ்' கொடுக்கும்வரை அசையாது. அதிலிருந்து பிறந்த கிராஃபும் அசையாது. ஃபைலைத் திறக்கும்போதே புதுப்பிக்கும்படி அதன் அமைப்பில் சொல்லி வைப்பது நல்லது. கிராஃபை நகலெடுத்து வேறு அறிக்கையில் ஒட்டும்போதும் கவனம் வேண்டும். படமாக ஒட்டினால் அது அன்றைய புகைப்படம்தான், என்றும் மாறாது. இணைப்போடு ஒட்டினால்தான் உயிர் இருக்கும். அந்த இணைப்பும் மூல ஃபைலை இடம் மாற்றினால் அறுந்துபோகும்.

இன்னொரு பள்ளம் நம் ஊர்த் தேதி. '3/7' என்று எழுதினால் நமக்கு ஜூலை 3. அமெரிக்க வழக்கத்துக்கு அமைத்த கம்ப்யூட்டருக்கு அது மார்ச் 7. 13-ம் தேதி முதல் அதற்கு மாதமாகப் பொருள்கொள்ள முடியாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். மாதத்தின் முதல் 12 நாட்கள் ஆண்டு முழுவதும் சிதறி, மிச்ச நாட்கள் காணாமல் போன கோட்டைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

தானாக வளர்ந்த பொய்

இத்தனையும் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எண் ஏறினால் கோடு ஏறுகிறது. அப்போதுதான் அடுத்த கேள்வி பிறக்கிறது: ஏறிய எண் எதைச் சொல்கிறது?

கேரளத்தின் மரணக் கணக்கு இதற்குப் பாடம். 2021 ஜூனில் கொரோனா மரணங்களைப் பதியும் முறையை மாநிலம் ஆன்லைனுக்கு மாற்றியது. அதற்கு முன் நடந்து, ஆவணங்கள் போதாமல் பட்டியலில் சேராதுபோன மரணங்கள் சுமார் 7,000 இருப்பதாகவும் அவை சேர்க்கப்படும் என்றும் அக்டோபரில் சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் தெரிவித்தார். அதன்பின் பழைய மரணங்கள் புதிய அறிக்கைகளில் தவணை தவணையாக ஏறின. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது வெறும் எண் அல்ல. நிவாரணத் தொகைக்கு அந்தப் பட்டியலில் பெயர் வர வேண்டும்.

ஆனால் 'அறிவிக்கப்பட்ட தேதி'யை வைத்துக் கோடு போட்டவர்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? நோய் தணிந்துகொண்டிருந்த மாதங்களில் மரணம் மட்டும் மறுபடி உயர்வதாகத் தெரிந்திருக்கும். தானியங்கி கிராஃப் தன் கடமையில் தவறவில்லை. கொடுத்த எண்ணை அப்படியே வரைந்தது. மரணம் நிகழ்ந்த நாள் வேறு, அது அறிவிக்கப்பட்ட நாள் வேறு என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்த ஆள் ஒருவர் பட்டியலில் இரண்டு தேதிகளுக்கும் தனித்தனிப் பத்தி வைத்திருக்க வேண்டும். கோட்டின் அருகே ஒரு குறிப்பும் எழுதியிருக்க வேண்டும்.

தானியங்கி என்றால் ஆள் வேண்டாம் என்ற எண்ணம்தான் இங்கே வழுக்கும் இடம். கையால் கோடு போட்ட காலத்தில் இந்த ஆபத்து குறைவு. திருவனந்தபுரத்துக்கே அதில் நீண்ட பாரம்பரியம் உண்டு. 1837-ல் சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் இங்கே வான ஆய்வுக்கூடம் அமைந்தது. 1852-ல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், உள்ளூர் உதவியாளர்களைக் கொண்டு காந்த ஊசியின் அசைவுகளை ஆண்டுக்கணக்கில் பதிய வைத்தார். அகஸ்திய மலை உச்சியிலும் ஒரு கூடம் எழுப்பி, இரண்டு இடத்து அளவுகளையும் ஒப்பிட்டார். அவை 1874-ல் லண்டனில் நூலாக வெளிவந்தன. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எண்ணும் ஒரு மனிதரின் கண் வழியாகவும் கை வழியாகவும்தான் தாளுக்கு வர முடியும். புள்ளி வைப்பவர் நேற்றைய புள்ளியைப் பார்க்காமல் இன்றைய புள்ளியை வைக்க முடியாது. ஏதோ ஒன்று எக்கச்சக்கமாக இருந்தால் அவர் விரல் தானே தயங்கும். கம்ப்யூட்டர் அந்த உழைப்பை மிச்சப்படுத்தியது. கூடவே அந்தத் தயக்கத்தையும் எடுத்துக்கொண்டது.

தயக்கத்தைத் திருப்பி வைப்பது

அதைத் திரும்பக் கொண்டுவர மூன்று கட்டங்கள் போதும். கிராஃபின் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி அவற்றை வைக்க வேண்டும். முதல் கட்டத்தில் பட்டியலின் கடைசித் தேதி. அது இன்றைய தேதியோ நேற்றைய தேதியோ இல்லையென்றால் கட்டம் சிவப்பாகட்டும். இரண்டாவது கட்டத்தில் பட்டியலில் உள்ள நாட்களின் எண்ணிக்கை. முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருக்க வேண்டிய நாட்களோடு அது ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது. மூன்றாவது கட்டத்தில் மொத்தக் கூட்டல். அறிக்கையில் அச்சாகியிருக்கும் மொத்தத்தைக் கையால் பக்கத்தில் எழுதி இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பொருளாதார மேதைகளின் ஃபைலில் இரண்டாவது கட்டம் இருந்திருந்தால் 20 நாடுகளுக்குப் பதில் 15 என்று அன்றே காட்டியிருக்கும். பிரிட்டனின் தாளில் மூன்றாவது இருந்திருந்தால் முதல் நாளே இடித்திருக்கும்.

கேரளத்தில் இதைச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுக்க வாய்ப்பு இருக்கிறது. 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கி, 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய திட்டம் திருவனந்தபுரம் பூஜப்புரையிலிருந்து இயங்குகிறது. அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் கட்டற்ற மென்பொருள்தான் ஓடுகிறது. ஸ்ப்ரெட்ஷீட்டும் கிராஃபும் வகுப்பறைக்கு வந்துவிட்டன. அங்கே உட்காரும் பிள்ளைக்குக் கோடு போட ஐந்து நிமிடம் போதும். போட்ட பிறகு பட்டியலின் அடியில் ஒரு பொய் எண்ணை எழுதிப் பார், கோடு நகர்கிறதா என்று சோதி. நகர்ந்தால் அதை அழித்துவிடு என்று ஆசிரியர் சொல்ல இன்னும் ஒரு நிமிடம் ஆகும். அலுவலகங்களில் அறிக்கை தயாரிக்கும் பெரியவர்களுக்கும் அந்த ஒரு நிமிடச் சோதனை பொருந்தும். கிராஃப் கூட்டத்துக்குப் போவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும்.